இடது கண்ணில் ஒரு கரும்புள்ளி

என் வீட்டுக்காரருக்கு வேலை, சூரியனை வரைவது. இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சின்னப் பிள்ளைகள் தாளின் மூலையில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் கோடு கோடாக இழுக்குமே, அதற்கா சம்பளம் தருகிறார்கள் என்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் எனக்கும் அது வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தினமும் ஒரே சூரியன்தானே?" என்று கேட்டுவைத்தேன். அன்று ஆரம்பித்த விளக்கம், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் தூங்கப் போன பிறகும் முடியவில்லை.

ஊர்க்கோடியில் ஒரு மேடு. அதன்மேல் இரண்டு மாடிக் கட்டடம், மொட்டைமாடியில் கவிழ்த்துவைத்த கிண்ணம் போல ஒரு கூண்டு. கூண்டுக்குள் இருக்கும் தொலைநோக்கி, சூரியனின் உருவத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பலகையின்மேல் விழவைக்கும். பலகையில் வட்டம் அச்சடித்த வெள்ளைத் தாள் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். வெயில் ஏறித் தரை சூடாவதற்குள், காற்று அலைபாயாத நேரம் பார்த்து, இவர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவார். சூரியனின் முகத்தில் எங்கெல்லாம் கரும்புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம், நடுக்கறுப்பைத் தனியாகவும் சுற்றியுள்ள சாம்பல் ஓரத்தைத் தனியாகவும், உள்ளது உள்ளபடி தாளில் ஏற்றுவார். மேகம் மூடினால் குடையைப் பறிகொடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

நான் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் கொடுக்கிற அளவுக்குக் குறையாமல் வாயும் கொடுப்பார்கள். சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அவிந்துபோகாதா என்பது அதில் நிரந்தரக் கேள்வி. அவர் சூரியனைப் பார்ப்பதில்லை, தாளில் விழுகிற உருவத்தைத்தான் பார்க்கிறார், மணிக்கணக்காய் ஊசித் துளையைப் பார்க்கிற எனக்குத்தான் ஆபத்து என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. என் தம்பி வேறு, வருகிறபோதெல்லாம், "மாமா, சூரியனுக்கு இன்னைக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பான். இவரும் வைத்தியர் மாதிரி, மேற்கோரத்தில் ஒன்று மறையப்போகிறது, கிழக்கோரத்தில் புதிதாக இரண்டு வந்திருக்கின்றன என்று பொறுப்பாகப் பதில் சொல்வார். கிண்டல் செய்தவன்தான் கடைசியில் கொட்டாவி விடுவான்.

அந்த வேலையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தாளில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே வரைந்துவிடக் கூடாது. தாளை லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். தாளோடு சேர்ந்து நகர்ந்தால் அது தாளிலுள்ள தூசி. தாள் நகர்ந்தும் அது நின்ற இடத்திலேயே நின்றால் சூரியனுடையது. இன்னொரு கட்டுப்பாடுதான் எல்லாவற்றுக்கும் மேல். உலகத்தில் வேறு எத்தனையோ இடங்களில் சூரியனைப் படம் பிடிக்கிறார்கள், அவை கணினியில் வந்துகொண்டே இருக்கும். தன் படத்தை முடித்துக் கையெழுத்துப் போடும்வரை இவர் அவற்றைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டு வரைந்தால் கண் தன் வேலையைச் செய்யாமல் மனசு சொன்னதைச் செய்யுமாம். வரைந்த பிறகும் அன்றன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்கிற வழக்கமில்லை. அதை மேலே இருக்கிறவர்கள் மொத்தமாகச் செய்வார்கள்.

இத்தனை கேமரா இருக்கும்போது கையால் வரைய ஓர் ஆள் எதற்கு என்று மேலிடத்தில் ஒருமுறை பேச்சு வந்தது. கேமரா வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஆட்கள் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்து வைத்திருக்கிறார்கள், அன்றைய சூரியனையும் இன்றைய சூரியனையும் ஒப்பிட வேண்டுமானால் இன்றைக்கும் அதே மாதிரி ஒரு கண்ணும் கையும் வேண்டும் என்று இவர்கள் ஆய்வுக்கூடத்து டைரக்டர் எடுத்துச் சொன்னாராம். கடைசியில், இவர் இருக்கும்வரை வரைவது தொடரட்டும், இவருக்குப் பிறகு வேண்டாம் என்று முடிவானது. இவர் அதைப் பாராட்டுப் பத்திரம் வாங்கியவர் போல வந்து சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. இவர் கண்ணுக்கு ஒன்று என்றால், இவர் உயிராக நினைக்கிற வேலை இவரைவிட்டு மட்டும் போகாது, பூண்டோடு போய்விடும் என்றுதான் கேட்டது.

அந்த வருஷம் வெயில் காலத்தின் தொடக்கத்தில் மனிதர் ஒருமாதிரி ஆனார். எப்போதும் என் தையல் மெஷின் ஊசிக்கு நூல் கோத்துத் தருவது அவர்தான். ஒரு நாள் நூலை நீட்டியபோது, கை ஈரமாக இருக்கிறது என்றார். இன்னொரு நாள் அவசரமாக வெளியே போக வேண்டும் என்றார், போய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடும்போது சாதத்தைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், மறுபடி சாதத்தைப் பார்ப்பார். நான் சமைத்ததில்தான் குறையோ என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது சாதாரண விஷயமில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், கடை மூடுகிற நேரத்தில், முன்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். தைத்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டை ஒன்றின் முன்னால் நின்று, கோழி மாதிரித் தலையை வெடுக்கு வெடுக்கென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணைப் பொத்தினார், மறு கண்ணைப் பொத்தினார். என்ன செய்கிறீர்கள் என்றதற்கு, துணி நன்றாக இருக்கிறதே என்று பார்த்தேன் என்றார். கட்டிய நாளிலிருந்து என் கையால் தைத்த எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாத மனிதர். 

நான் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் வாய்விட்டுக் கேட்கிற நான் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பயம்தான், வேறென்ன. அதற்குப் பதிலாக வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தேன். நடைபாதையில் கிடந்த முக்காலியைச் சுவரோரமாகத் தள்ளினேன். குளியலறை வாசலில் இருந்த வாளியை இடம் மாற்றினேன். ஊசி டப்பாவைக் கட்டிலிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். ஆள் இல்லாத மத்தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறைவரை நடந்து பார்த்தேன். கதவு நிலையில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கியது. கடைக்கு வந்தவர்களிடம் மெஷின்மேல் குனிந்தபோது இடித்துக்கொண்டேன் என்று பூசி மெழுகினேன். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தபோது, அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். குத்துக்கல் மாதிரி இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அழுதேன்.

இது இப்படியே போய்க்கொண்டிருந்தபோது டைரக்டரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. டைரக்டர் என்றால் எங்கள் மகளைவிடச் சில வயதுதான் மூத்த பெண். படிப்பிலும் பதவியிலும் பெரியவள், பேச்சில் பணிவு. இவரை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுவாள். சுற்றி வளைத்து, சார் நல்லா இருக்காரா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாள். விஷயம் இதுதான். சூரியனின் நடுப்பகுதியில் புதிதாக ஒரு சின்னப் புள்ளி முளைத்திருக்கிறது. மற்ற எல்லா இடத்துப் படங்களிலும் இருக்கிறது. இவர் படத்தில் மட்டும் மூன்று நாளாக இல்லை. நான்காம் நாள் அது இரட்டையாகப் பிரிந்து பெரிதான பிறகுதான் இவர் வரைந்திருக்கிறார். இதைவிடப் பொடிசுகளையெல்லாம் விடாதவர் இதை எப்படி விட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை. நேரில் கேட்டால் மனசு கஷ்டப்படுவாரோ என்று எனக்குப் போன் செய்திருக்கிறாள்.

ஜலதோஷம், தலை பாரமாக இருந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிப் போனை வைத்தேன். அவர் பின்கட்டில் துணி உலர்த்துகிற கொடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்தக் கண்ணு?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதுவும் தெரியாத மாதிரி நடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. நடிக்கத் தெரியாது, பாவம்.

"இடது," என்றார்.

அதற்குப் பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். ஒரு மாதமாகவே இடது கண்ணில் கறுப்பாக ஒரு துணுக்கு அலைகிறதாம். கண் போகிற பக்கமெல்லாம் கூடவே வருகிறதாம், நிறுத்தினால் தானும் மெல்ல வந்து நிற்கிறதாம். வெள்ளையைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறதாம். இவர் வேலையே வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளியைத் தேடுவது! தூசியைக் கண்டுபிடிக்கத் தாளை அசைக்கலாம். கண்ணுக்குள் இருப்பதற்கு எதை அசைப்பது? கண்ணை அசைத்து அசைத்து, எது தன்னுடையது, எது சூரியனுடையது என்று பிரித்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். அந்தப் புதுப் புள்ளி முளைத்த அன்று, கண்ணிலிருந்த துணுக்கு நேராகப் போய் அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. இரண்டும் ஒன்று போலவே இருந்தனவாம். இல்லாததை வரைந்துவிடக் கூடாதே என்கிற பயத்தில், உள்ளதையும் சேர்த்து விட்டுவிட்டார். அடுத்த இரண்டு நாளும் அந்த இடத்துக்கு வந்ததும் பென்சிலைத் தூக்கிவிட்டிருக்கிறார்.

"வெளிச்சத்துல வேலை செஞ்சு செஞ்சு கண்ணு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்," என்றார். "எல்லாரும் சொன்னது நிஜமாயிடுச்சு."

டாக்டரிடம் போகாததற்குக் காரணம் கேட்கவே வேண்டாம். போனால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அந்தப் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கேமராவிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். நான் திட்டவில்லை. மறுநாள் காலையில் கிளம்பத் தயாராக இருங்கள் என்று மட்டும் சொன்னேன். காலையில் வரைய வேண்டுமே என்றார். சூரியன் ஒரு நாள் நீங்கள் பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்ளாது என்றேன். டைரக்டரிடம் லீவு சொல்லி, அன்றைய படத்தை அவளையே வரையச் சொன்னார்.

கண் டாக்டர் ஒரு நடுவயது மனிதர். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் போதும் என்கிற ரகம். என்ன வேலை என்று கேட்டார். சூரியனைப் பார்க்கிற வேலை என்று இவர் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நேரடியாகவா என்று கேட்டார். அவ்வளவுதான். இவர் தொலைநோக்கி, பலகை, தாள் என்று ஆரம்பித்துவிட்டார். கையால் அளவெல்லாம் காட்டினார். பாதி வழியில் டாக்டர், "வாயை மூடிட்டுக் கண்ணைத் திறங்க," என்று சொல்ல வேண்டியதாயிற்று. வேறு நேரமாயிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண் பாப்பா விரிகிறவரை வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். எதிர்ச் சுவரில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் எழுதிய அட்டை தொங்கியது. அவர் அதைப் படித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கடைசி வரி தெரியவில்லை என்றார், பிறகு அதற்கு மேல் வரியும். மருந்தினால் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொல்லியும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. யார் கை என்று சொல்லத் தெரியவில்லை, இருவர் கையும்தான்.

உள்ளே கூப்பிட்டு, இருட்டறையில் ஒரு விளக்கை வைத்துக் கண்ணுக்குள் மேலும் கீழும் துழாவினார் டாக்டர். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், மூக்கைப் பாருங்கள் என்றார். முடிந்ததும் அறை விளக்கைப் போட்டார்.

"கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர். "வயசானா அது சுருங்கும். சுருங்கறப்ப சின்னச் சின்ன இழை பிரிஞ்சு உள்ளயே மிதக்கும். அதோட நிழல் விழறதைத்தான் நீங்க பாக்கறீங்க. சூரியனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. விழித்திரை சுத்தமா, நல்லா இருக்கு. எனக்கே இது ரெண்டு இருக்கு."

திடீரென்று நிறையத் துணுக்குகள் கொட்டினாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி ஓரம் மறைத்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும், மற்றபடி இதற்கு மருந்தும் வேண்டாம், கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றும் சொன்னார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். நாளைக்கு வரையலாமா? தாராளமாக, இன்றைக்கு மட்டும் எழுத்து தெரியாது என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்த நாற்காலியிலேயே இன்னொரு முறை உட்கார்ந்தேன்.

வெளியே வந்தால் பளீரென்று வெயில். விரிந்த கண்ணோடு அவர் ஒரே துள்ளலாக ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பி ஓடினார். வாழ்நாள் முழுக்கச் சூரியனோடு குடித்தனம் நடத்தியவர், ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "தாங்கலையே, தாங்கலையே," என்கிறார். குடையை விரித்து, அவர் தோளை என் பக்கம் இழுத்துப் பிடித்து, ஏதோ கைதியைக் கூட்டிப்போவது போலத் தெருவைத் தாண்டவைத்தேன். நடுத்தெருவில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இந்தக் காட்சிக்காகத்தான் இத்தனை நாளாக வீட்டில் முக்காலியும் வாளியும் நகர்த்திக்கொண்டிருந்தேன். இப்போது அது பாதி நாள் விளையாட்டாக முடிந்துவிட்டதே என்கிற நிம்மதியில், வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தது எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். இல்லை, மேட்டுக்குப் போக வேண்டும் என்றார். அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்லாமல் இவரால் சோறு தின்ன முடியாது. கண்தான் நன்றாக இருக்கிறதே, பேசாமல் விட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். காதில் வாங்கவே இல்லை.

இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான். நான் நினைத்ததைவிடச் சின்ன அறை. ஓரத்தில் பென்சில் சீவிய தூள் குவிந்து கிடந்தது. வீட்டில் ஒரு நூல் கீழே விழுந்தால் முகம் சுளிக்கிறவர்! டைரக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தாள். குனிந்து வரைந்ததில் பிடித்துக்கொண்டதாம்.

இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மென்று விழுங்கவில்லை. கண்ணில் துணுக்கு வந்தது, பயந்தது, மறைத்தது, உள்ளதை விட்டது, டாக்டர் சொன்னது. சொல்லிவிட்டு, இனி என்னை நம்ப முடியாது என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான் என்றார். எனக்கு அந்த இடத்தில் அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

 டைரக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூணு நாளும் சந்தேகத்தோடயே உக்காந்திருக்கீங்க. கம்ப்யூட்டர் பக்கத்துலதான் இருக்கு. ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா சந்தேகம் தீந்திருக்கும். ஏன் சார் பாக்கலை?"

"பாத்துட்டு வரைஞ்சா அது என் படம் இல்லையேம்மா," என்றார் இவர். ஏதோ, செருப்போடு ஏன் படுக்கவில்லை என்று கேட்டது மாதிரி ஆச்சரியமாகச் சொன்னார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. புள்ளி ஒன்று விட்டுப்போவது யாருக்கும் நடக்கும், கணக்கில் அதற்கெல்லாம் இடம் வைத்திருக்கிறோம், பார்த்துக் காப்பியடித்த படத்துக்குத்தான் எங்கேயும் இடமில்லை என்றாள். இன்னொரு வழியும் சொன்னாள். இனிமேல் சந்தேகம் வந்தால் விடவும் வேண்டாம், சாதித்து வரையவும் வேண்டாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். அந்த மூன்று படங்களையும் எடுத்து வந்து பலகைமேல் வைத்தாள். திருத்தக் கூடாது, அழிக்கக் கூடாது, நடந்ததை அடியில் எழுதினால் போதும் என்றாள். இவருக்கோ மருந்து போட்ட கண், கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாது. பென்சிலை என் பக்கம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "நடுப்பகுதியில் சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. கண்ணில் மிதக்கும் நிழல் என்று எண்ணி வரையவில்லை." மூன்று படத்திலும் அதையே எழுதினேன். சூரியனுக்கு அடியில் என் கோணல் எழுத்து. அவள் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துடுங்க சார்," என்றாள். "என் கழுத்து தாங்காது."

அவ்வளவுதான். ஒரு மாதமாக இவர் சுமந்த பாறாங்கல் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துவிட்டது. இறங்கி வருகிற வழியெல்லாம் குடைக்கடியில் வாய் ஓயாமல் பேசினார். அன்றைக்கு அவள் வரைந்த படத்தில் சாம்பல் ஓரம் கொஞ்சம் தடிமனாக இருக்கும், எழுதிவைத்துக்கொள் என்றார். தெரியாத கண்ணோடு எப்படிப் பார்த்தீர்கள் என்றால், அவள் பென்சில் சீவுகிற லட்சணம் தெரியும் என்றார்.

எனக்குத்தான் நிம்மதியோடு நிம்மதியாகக் கோபமும் மெல்லத் தலைதூக்கியது. பயம் இருந்தவரை அதற்கு இடமில்லை, இப்போது இடம் காலியாகிவிட்டது. பாதித் தூரத்தில் நின்றேன். குடையோடு நான் நின்றதால் அவரும் நிற்க வேண்டியிருந்தது.

ஊரான் பெண் அவள். வேலையைப் பறிக்கிற இடத்தில் இருப்பவள். அவளிடம் நேரே போய் ஒளிக்காமல் கொட்டிவிட்டீர்கள். கூடவே இருக்கிற என்னிடம் ஒரு மாதம் கை ஈரம், துணி நன்றாக இருக்கிறது என்று கதை விட்டீர்களே, நான் என்ன அவளைவிட மட்டமாகப் போய்விட்டேனா என்று கேட்டேன். 

 விரிந்த கண்ணால் என் முகம் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவங்ககிட்ட சொன்னா வேலைதான் போகும். உன்கிட்ட சொன்னா, கண்ணு போகப்போறது நிஜமாயிடுமே."

   குடையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.